எக்ஸ்கொம் 2: வன்னியில் இருந்து விளையாட இறங்குபவர்கள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை

கைவேகம் இல்லாதவர்களுக்கும் நெட் இழுபறிப்படும் ஊரில் இருப்பவர்களுக்கும் பொருந்தும் கேம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் எக்ஸ்கொம் 2 ஐத்தான் சொல்வேன். ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ இருந்துகொண்டு ஒன்லைனில் சுடுகிற கேம் விளையாடியவர்களுக்குத் தெரியும், பிங் (நெட்டில் தகவல் போய்த் திரும்பும் தாமதம்) ஏறிய நேரத்தில் திரையில் நிற்கிற எதிரி உண்மையில் அங்கே நிற்பதில்லை. இதில் அந்தத் தொல்லை கிடையாது. உங்களுக்கு ஒரு முறை, எதிரிக்கு ஒரு முறை. உங்கள் முறையை நீங்களே முடிக்கும்வரை அவன் அசையமாட்டான். அம்மா கூப்பிட்டால் எழும்பிப் போகலாம், மாட்டைக் கட்டிவிட்டு வரலாம், வந்து அதே இடத்திலிருந்து யோசிக்கலாம். இறக்கி முடித்த பிறகு நெட்டே தேவையில்லை. ஆனால் இந்த இடத்துக்கு வந்து சேருவதற்குள் எனக்குக் காசும் போனது, டேட்டாவும் போனது, பல வாரம் விளையாடிக் கட்டியெழுப்பிய ஒரு ஆட்டம் முழுதாகவும் போனது. கேட்டறிய அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லை, தமிழில் எழுதியதும் கண்ணில் படவில்லை. அதனால்தான் வாங்குவதில் தொடங்கி வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் கேமைப் பற்றி. இதன் மூதாதை 1994 இல் ஜூலியன் கொலப் வடிவமைத்த யூஎஃப்ஓ: எனிமி அன்னோன். அதை ஃபிராக்சிஸ் நிறுவனம் 2012 இல் எக்ஸ்கொம்: எனிமி அன்னோன் என்று புதிதாகச் செய்தது. ஜேக் சொலமன்தான் தலைமை வடிவமைப்பாளர். அவருடைய எக்ஸ்கொம் 2 கணினிக்கு 2016 பெப்ரவரியில் வந்தது. கதை 2035 இல் நடக்கிறது. வேற்றுக்கிரகத்தார் பூமியைப் பிடித்து 20 வருடம் ஆகிவிட்டது. அவெஞ்சர் என்ற, வேற்றுக்கிரகத்தாரிடமிருந்து கைப்பற்றிய கப்பல்தான் உங்கள் தளம். அதிலிருந்து தொடக்கத்தில் நாலு பேரை அனுப்புகிறீர்கள், பிறகு அது ஆறு பேராகலாம். ஒவ்வொருவருக்கும் பெயர், முகம், தரம் உண்டு. ஒருவர் செத்தால் செத்ததுதான், அந்த ஆட்டத்தில் திரும்பி வரமாட்டார். கேமின் ஈர்ப்பு முழுக்க இதில்தான் இருக்கிறது. சதுரங்கமும் தாயமும் ஒரே பலகையில் நடப்பது போன்றது: இடத்தை நீங்கள் தெரிவு செய்கிறீர்கள், ஆனால் சூடு படுமா படாதா என்பதை நூற்றுக்கு இத்தனை என்று ஒரு எண் சொல்கிறது. அந்த எண்ணைப் பார்த்து, பொத்தானை அழுத்துவதா வேண்டாமா என்று யோசிக்கிற அந்த அரை நிமிடத்துக்காகவே இந்த விளையாட்டை மறுபடி மறுபடி எடுக்கிறார்கள்.

வாங்குவதில்தான் முதல் அடி விழுந்தது. பேஸ்புக்கில் "ஷெயார்ட் அக்கவுண்ட்" என்று குறைந்த விலைக்கு விற்பார்கள். காசை அனுப்பினால் ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் வரும். அதே கணக்கை வேறு பலருக்கும் விற்றிருப்பார்கள். கொஞ்ச நாளில் பாஸ்வேர்ட் மாறும், மெசேஜுக்குப் பதில் வராது. எனக்கு 1,500 ரூபா அப்படிப் போனது. காசை விட, ஏமாற்றினது யார் என்றே தெரியாமல் போனதுதான் வயிற்றெரிச்சல். கணினிக் கேம்களை ஒன்லைனில் விற்கும் ஸ்டீம் என்ற கடையில், உங்கள் சொந்தக் கணக்கில் மட்டும் வாங்குங்கள். இலங்கைக்கு ஸ்டீம் விலை டொலரில் காட்டும். எக்ஸ்கொம் 2 வெளிவந்தபோது அதன் முழு விலை 60 டொலர். டொலர் 300 ரூபா என்று பிடித்தாலும் 18,000 ரூபா ஆகிறது. அந்த விலைக்கு இதை ஒருவரும் வாங்கத் தேவையில்லை. யூன் கடைசியில் வரும் கோடைக்காலத் தள்ளுபடியிலும் டிசம்பர் கடைசியில் வருவதிலும் ஒருசில டொலருக்கு இறங்கும். பெயரை விஷ்லிஸ்டில் போட்டு வைத்தால் விலை இறங்கியதும் மின்னஞ்சல் வரும். வங்கி டெபிட் காட்டில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு பெரும்பாலும் பூட்டியே இருக்கும். தள்ளுபடி முடிகிற இரவில் அதைக் கண்டுபிடிப்பதை விட, முன்னமே வங்கிக்கு எடுத்துத் திறந்து வையுங்கள்.

வார் ஒஃப் த சோசன் என்ற 2017 விரிவாக்கம் தனியாக விற்கப்படுகிறது, அது ஓட அடிப்படைக் கேமும் வேண்டும். இரண்டும் சேர்ந்த தொகுப்புத் தள்ளுபடியில் கிடைத்தால் அதை எடுங்கள், ஆனால் முதல் ஆட்டத்தை அடிப்படைக் கேமிலேயே விளையாடுங்கள். விரிவாக்கம் மூன்று பெரிய எதிரிகளையும், மூன்று புதிய அணிகளையும், சண்டைக்குப் போய் வந்தவர்களின் களைப்பையும் ஒன்றாகக் கொண்டுவந்து தலையில் போடும். அடிப்படை பிடிபடாமல் அதற்குள் போனால் எது எதனால் நடக்கிறது என்றே விளங்காது.

லப்டொப் விஷயத்தில் கடைக்காரரின் வாயை நம்பவேண்டாம். "தம்பி, இது ஐ5, எல்லா கேமும் ஓடும்" என்றுதான் ஏ9 வீதி ஓரக் கடை எதிலும் சொல்வார்கள். ஐ5 என்பது பிராசசரின் பெயர். இந்தக் கேமை ஓட்டுவது கிராபிக்ஸ். குறைந்தபட்சமாகக் கேட்பது 4 ஜிபி ராம், 1 ஜிபி நினைவகம் உள்ள ஜீஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 460 அல்லது ரேடியோன் எச்டி 5770, ஹாட் டிஸ்க்கில் 45 ஜிபி இடம். நல்லபடி ஓட 8 ஜிபி ராமும் ஜிடிஎக்ஸ் 770 அளவிலான கிராபிக்ஸ் காட் ஒன்றும் வேண்டும். கந்தோர்களில் பாவித்துக் கழித்த லப்டொப்கள்தான் இங்கே மலிவாகக் கிடைக்கின்றன. பெரும்பாலும் மூன்றாம் நாலாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் இல்லை. அவற்றில் எக்ஸ்கொம் 2 திணறும். 2012 இன் எனிமி அன்னோனைத் தாழ்ந்த அமைப்பில் வைத்து விளையாடலாம். அதற்கு 20 ஜிபி போதும், ஆட்டத்தின் சாரமும் அதேதான். வாங்கப்போகும் லப்டொப்பில் விண்டோஸின் ரன் பெட்டியைத் திறந்து டிஎக்ஸ்டயக் (dxdiag) என்று அடித்து, டிஸ்ப்ளே பக்கத்தில் என்ன பெயர் வருகிறது என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே லப்டொப் இருக்கிறது, ஓடுமா ஓடாதா தெரியவில்லை என்றால் ஸ்டீமின் பணமீளளிப்பு விதி உங்களுக்கு உதவும். வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். மெனுவில் சும்மா இருக்கிற நேரமும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால், திறந்தவுடன் கிராபிக்ஸ் அமைப்புகளுக்குப் போங்கள். முதலில், உருவங்களின் ஓரங்களை வழவழப்பாக்கும் எம்எஸ்ஏஏ என்பதை நிறுத்தி, அதே வேலையை லேசாகச் செய்யும் எஃப்எக்ஸ்ஏஏ வையுங்கள். அது ஒன்றே பெரிய பாரத்தைக் குறைக்கும். அடுத்தது நிழல்கள், அதற்கடுத்தது மூலைமுடுக்குகளுக்கு மென்நிழல் போடும் அம்பியன்ட் ஒக்லூஷன். பிறகு முதல் சண்டையைத் தொடங்கிப் பாருங்கள். முறை வைத்து ஆடுவது என்பதால் வினாடிக்கு 30 பிரேம் வந்தாலே தாராளம். 60 க்கு ஆசைப்பட்டு லப்டொப்பை அவிக்க வேண்டியதில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் பக்கத்து வெக்கையும் செம்மண் தூசியும் சேர்ந்தால் விசிறி அடைபட்டு, சூடேறி, வேகம் தானாகக் குறையும். கேம் சரியில்லை என்று முடிவெடுக்க முன்னர் லப்டொப்பின் அடிப்பக்கத்தைக் கழற்றித் தூசியை ஊதி எடுத்துப் பாருங்கள். மெத்தையில் வைத்து விளையாடவே வேண்டாம்.

டேட்டாதான் ஆகக்கூடக் காசைத் தின்றது. 45 ஜிபி என்றால் 5 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் 20 மணித்தியாலம். பகல் டேட்டா, இரவு டேட்டா என்று பிரித்துத் தருகிற பாக்கேஜ்களில் இரவு ஒதுக்கீடு சும்மா கிடந்து காலாவதியாகும், டவுன்லோட் பகல் ஒதுக்கீட்டைத் தின்றுவிட்டு நிற்கும். அதே 5 எம்பிபிஎஸ்ஸில் நள்ளிரவிலிருந்து காலை 8 மணிவரை விட்டால் ஏறத்தாழ 18 ஜிபி இறங்கும், ஆக மூன்று இரவு. காலையில் போஸ் என்பதை அழுத்திவிட்டு இரவில் தொடருங்கள். இடையில் கரண்ட் போனாலும் இறங்கினது அழியாது, விட்ட இடத்திலிருந்து போகும். தொகுப்பாக வாங்கியிருந்தால் விரிவாக்கமும் கூடவே இறங்கத் தொடங்கும். கேமின் பெயரில் வலது கிளிக் செய்து, புரொப்பர்ட்டிஸில் டிஎல்சி (கேமோடு சேரும் கூடுதல் பகுதிகள்) பக்கத்துக்குப் போய், உடனே தேவையில்லாததின் சரிக்குறியை எடுத்துவிடுங்கள். விண்டோஸில் அந்த வைஃபையை மீட்டர்ட் கனெக்ஷன் என்று குறித்து வைத்தால் விண்டோஸ் அப்டேட்டும் அதே டேட்டாவில் பங்குக்கு வராது.

இதைவிட நல்ல வழி உண்டு. பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ உங்கள் கூட்டாளி ஒருவர் ஏற்கெனவே இறக்கியிருந்தால் நீங்கள் திரும்ப இறக்கத் தேவையில்லை. அவருடைய ஸ்டீம் ஃபோல்டரில் ஸ்டீம்ஆப்ஸ், அதற்குள் கொமன், அதற்குள் எக்ஸ்கொம் 2 என்ற ஃபோல்டர் இருக்கும். அதை முழுதாக ஒரு ஹாட் டிஸ்க்கில் எடுத்து, உங்கள் கணினியில் அதே பாதையில் போட்டுவிட்டு, உங்கள் கணக்கில் இன்ஸ்டோலை அழுத்துங்கள். ஸ்டீம் இருக்கிற ஃபைல்களைக் கண்டுபிடித்துச் சரிபார்த்து, குறைகிறதை மட்டும் இறக்கும். நீங்களும் வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். 2023 இலிருந்து ஸ்டீமிலேயே உள்ளூர் வலையமைப்பில் கைமாற்றும் வசதியும் இருக்கிறது. இரண்டு லப்டொப்பையும் ஒரே வைஃபையில் போட்டு, செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பக்கத்தில் அதை அனுமதித்தால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு நேரே போகும், வெளி டேட்டா கரையாது. ஹாட் டிஸ்க்தான் வேகம். ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடுகிற வேலைக்கு நான் இரண்டு பாக்கேஜ் காசு கட்டியிருக்கிறேன்.

இனி கரண்ட். கேமில் அயர்ன்மேன் என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதை எடுத்தால் ஆட்டத்துக்கு ஒரே ஒரு சேவ் ஃபைல்தான், கேமே அதை ஓயாமல் மேலெழுதிக்கொண்டிருக்கும். செய்ததை மாற்ற முடியாது. எக்ஸ்கொம்மின் உண்மையான சுவை அதில்தான் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படிச் சொல்கிறவர்கள் கரண்ட் போகாத ஊரில் இருப்பவர்கள். மேலெழுதுகிற அந்தக் கணத்தில் மின்சாரம் நின்றால் ஃபைல் பாதியில் உடையும். திறக்கப் போனால் திறக்காது. ஆறு பேர் கொண்ட அணியும், தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும், தரம் உயர்ந்த ஷார்ப்ஷூட்டரும், கட்டி முடித்த கப்பலும் அப்படி ஒரு மழைநாளில் எனக்கு இல்லாமல் போனது. சண்டையில் தோற்று இழந்திருந்தால் மனம் ஆறியிருக்கும், இது ஆறவில்லை. நெடுநாள் அந்தப் பக்கமே போகவில்லை.

அயர்ன்மேனை விடச் சொல்லி நான் சொல்லவில்லை. செய்யவேண்டியது இதுதான். டொக்கியுமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் மை கேம்ஸ், அதற்குள் எக்ஸ்கொம்2, அதற்குள் எக்ஸ்கொம்கேம், அதற்குள் சேவ்டேட்டா. விரிவாக்கத்துக்கு எக்ஸ்கொம்2 வார் ஒஃப் த சோசன் என்று தனி ஃபோல்டர் இருக்கும், அதற்குள்ளும் இதே அடுக்கு. விளையாடி எழும்பும் ஒவ்வொரு முறையும் அந்த சேவ்டேட்டாவைப் பென் டிரைவில் திகதி போட்டுக் கொப்பி பண்ணுங்கள். உடைந்தால் மட்டும் எடுத்துப் போடுங்கள், ஆளைச் சாகக் கொடுத்துவிட்டு எடுத்துப் போடவேண்டாம். சேவ் ஃபைல்களை நெட்டில் ஏற்றி வைக்கும் ஸ்டீம் கிளவுட்டை மட்டும் நம்பினால், நெட் வருகிற நேரம் உடைந்த ஃபைலே மேலே ஏறிவிடலாம். டெஸ்க்டொப் வைத்திருப்பவர்கள் 650 விஏ யூபிஎஸ் ஒன்றாவது போடுங்கள். அதற்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பட்டரி. கேம் ஓடுகிற கணினியை ஐந்து பத்து நிமிடத்துக்குமேல் தாங்காது. கரண்ட் திரும்பி வருமென்று காத்திருக்காமல் உடனே வெளியேறி மூடுங்கள். லப்டொப்காரர்கள் பட்டரி செத்துப்போன லப்டொப்பை நேரே பிளக்கில் போட்டு அயர்ன்மேன் விளையாடினால் டெஸ்க்டொப்பில் விளையாடுவதும் அதுவும் ஒன்றுதான். பட்டரியை மாற்றுங்கள், அல்லது சாதாரண ஆட்டமாக நாலைந்து சேவ் மாற்றி மாற்றி வைத்து விளையாடுங்கள்.

இதெல்லாம் தாண்டிச் சண்டைக்குள் போனால் பெரும்பாலானவர்கள் முதல் கிழமையிலேயே "இது ஏமாற்றுகிற கேம்" என்று விட்டுவிடுகிறார்கள். காரணம் அந்த நூற்றுவீதம். 85 வீதம் என்றால் படும் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஏழு சூட்டுக்கு ஒன்று தவறும் என்பதுதான் அதன் பொருள். நாலு பேர் ஆளுக்கொரு 85 வீதச் சூடு சுட்டு, நாலும் படுவதற்கான வாய்ப்பு 52 வீதம். காசைச் சுண்டிப் போட்டுப் பார்ப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். மூன்று 70 வீதச் சூடும் படுவதற்கு வாய்ப்பு 34 வீதம்தான். ஆகவே "எல்லாம் பட்டால் தப்புவோம்" என்ற திட்டம் திட்டமே இல்லை. முதல் சூடு தவறினால் என்ன செய்வேன் என்பதற்கு விடை வைத்திருந்தால்தான் சுடவேண்டும். தாழ்ந்த கடின நிலைகளில் காட்டுகிற எண்ணைவிடச் சற்றுக் கூடவே கேம் உங்களுக்கு ரகசியமாக உதவுகிறது. ஆக உயர்ந்த லெஜன்ட் நிலையில் அந்த உதவி இல்லை. தவறிய சூட்டை சேவிலிருந்து மீட்டு அதே ஆளால் அதே இடத்திலிருந்து திரும்பச் சுட்டாலும் தவறத்தான் செய்யும். அதிர்ஷ்ட எண் சேவோடு சேர்ந்தே பதிவாகியிருக்கிறது.

எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் கோபம் குறையும். புதிதாகச் சேர்ந்த ஒருவரின் குறி 65. எதிரி அரை மறைப்பில் நின்றால் 20 கழியும், முழு மறைப்பில் நின்றால் 40 கழியும். அப்படியானால் மதிலுக்குப் பின்னால் நிற்பவனைச் சுட 25 வீதம்தான். உயரத்தில் ஏறி நின்று சுட்டால் 20 கூடும். கிட்டப் போனாலும் கூடும். பக்கவாட்டாகச் சுற்றிப் போய் அவனுடைய மறைப்பு வேலை செய்யாத கோணத்துக்கு வந்துவிட்டால் அந்த 40 முழுதாகக் காணாமல் போகும், பலத்த சேதத்துக்கான வாய்ப்பும் நன்றாக ஏறும். கைக்குண்டு இலக்குத் தவறுவதே இல்லை, அதோடு மதிலையும் உடைக்கும். அதனால் வரிசை முக்கியம். தவறாதது முதலில். குண்டு எறிந்து மறைப்பை உடைத்தால், அடுத்தவருக்கு 25 ஆக இருந்த எண் 65 ஆகிறது. மேல்மாடியில் நிற்பவருக்கு 85. ஒருவரைக் கடைசிவரை கையில் வைத்திருங்கள், முன்னையது தவறினால் மூடிக்கட்ட. நான்கு பேருடைய முறையையும் ஓடி ஓடி முடித்துவிட்டு எண்ட் டேர்ன் அழுத்துபவர்கள்தான் ஆட்களை இழக்கிறார்கள். குண்டால் கொன்ற எதிரி விழுத்திச் செல்லும் பொருள் அழிந்துபோகும் என்பதையும் நினைவில் வையுங்கள். காயப்படுத்தக் குண்டு, முடிக்கத் துவக்கு.

ஆகப்பெரிய பாடம் இன்னொன்று, அதை யாரும் தொடக்கத்தில் சொல்வதில்லை. எதிரிகள் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். நீங்கள் கண்ணில் படும்வரை அவர்கள் சண்டைக்கு வருவதில்லை. கண்ணில் பட்டதும் உங்கள் முறைக்குள்ளேயே இலவசமாக ஓடி மறைப்புக்குள் போய்விடுவார்கள். ஆகவே தெரியாத இடத்துக்குள் காலை வைப்பது முறையின் முதல் அசைவாக மட்டும் இருக்கவேண்டும். முதல் ஆள் போய்க் கூட்டத்தைக் கிளப்பினால் மற்ற மூன்று பேரின் முறையும் கையில் இருக்கிறது. கடைசி ஆள் போய்க் கிளப்பினால் உங்களிடம் ஒன்றும் இல்லை, அடுத்தது அவர்கள் சுடும் முறை. அதுவும் ஒரு கூட்டத்தோடு சண்டை நடக்கும்போது எட்டிப் பார்க்கும் ஆசையில் ஓரமாக ஒரு கட்டம் கூடப் போய் இரண்டாவது கூட்டத்தைக் கிளப்பிவிட்டால் அன்றைய அணி முடிந்தது. மஞ்சள் கோட்டுக்குள் ஓடினால் அந்த ஆளுக்கு ஒரு முறையில் உள்ள இரண்டு அசைவும் போய்விடும். நீலக் கோட்டுக்குள் நடந்தால் ஓவர்வொச் (எதிரி அசைந்தால் தானாகச் சுடக் காத்திருப்பது) வைக்க ஒன்று மிஞ்சும். நேரக் கெடு வைத்த சண்டைகள் நிறைய உண்டு, அந்த எண் உங்களை ஓடவைக்கும். தொடக்கத்தில் ஒளிந்திருக்கும் நிலையில்தான் கூடிய தூரம் போகவேண்டும். எதிரி கண்டுபிடிக்கும் கட்டங்களைக் கேமே சிவப்பாகக் காட்டும். அதைத் தவிர்த்துப் போய், மூன்று பேரை ஓவர்வொச்சில் வைத்து, நாலாமவர் குண்டு எறிந்தால் கலைந்தோடுகிறவர்கள் ஓடும்போதே விழுவார்கள். அந்த முதல் பதுங்கித் தாக்குதல் சரியாக அமைந்த நாளில் எனக்கு நெஞ்சு படபடத்தது, அதை மறைக்கத் தேவையில்லை.

எதிரிகளில் செக்டொயிட் தொடக்கத்திலேயே வந்து உங்கள் ஆளின் மனதைப் பிடிக்கும், செத்தவரை எழுப்பும். எழும்பிவந்த பிணத்தைச் சுட்டுத் தோட்டாவை வீணாக்கவேண்டாம், செக்டொயிட்டை முடித்தால் பிணமும் விழும். ஃபிளாஷ்பேங் என்ற கண்கூசவைக்கும் குண்டு ஒன்று அதன் மேல் எறிந்தால் பிடி விடுபடும். வாளால் வெட்டினால் அதற்குச் சேதம் கூட. ஆனால் அதே வாளோடு பிறகு வருகிற மியூட்டனிடம் போகவேண்டாம், தடுத்துத் திருப்பி அடிக்கும். வைப்பர் நாக்கால் இழுத்துச் சுற்றிக்கொண்டால் வைப்பருக்குச் சேதம் கொடுத்தால் ஆள் விடுபடுவார். எரிகிற காருக்குப் பின்னால் ஒருபோதும் ஒளியவேண்டாம், வெடிக்கும். ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு மெடிகிட்டாவது கொண்டுபோங்கள். விழுந்தவர் இரத்தம் ஓடுகிற நிலையில் இருந்தால் மூன்று முறைக்குள் கிட்டப் போய் நிறுத்தினால் பிழைப்பார். வெல்ல முடியாது என்று தெரிந்தால் காயப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவது தோல்வி இல்லை. சண்டை ஒன்று திரும்ப வரும், வளர்த்தெடுத்த ஆள் வரமாட்டார்.

இதை எங்கள் ஊரில் இருந்துகொண்டு எழுதுவதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். சத்தமாக வெடிக்கிற கேம் இது. 2009 ஐக் கடந்து வந்தவர்கள் இருக்கிற வீட்டில் ஸ்பீக்கரில் வைத்து விளையாடவேண்டாம், ஹெட்போன் போடுங்கள். அடுத்த அறையில் அம்மம்மா ஏன் எழும்பி உட்கார்ந்திருக்கிறா என்று நீங்கள் கேட்டாலும் அவ காரணம் சொல்லமாட்டா. ஆட்களுக்குப் பெயர் மாற்றும் வசதி இருக்கிறது. தெரிந்தவர்களின் பெயர் வைத்தால் ஆட்டம் நெருக்கமாகும் என்பது உண்மை. ஆனால் இல்லாமல் போனவர்களின் பெயரை வைக்கவேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். கப்பலுக்குள் இறந்தவர்களின் பெயர் தொங்குகிற நினைவுச்சுவர் ஒன்று உண்டு. அதில் அந்தப் பெயரை இரண்டாம் முறை பார்ப்பதைத் தாங்கிக்கொள்வது லேசில்லை. மக்களைக் காப்பாற்றுகிற சண்டைகளும் வரும், அவற்றில் எல்லாரையும் காப்பாற்ற முடியாது. மனம் பாரமானால் மூடிவிட்டுப் போங்கள், கேம் எங்கும் ஓடாது.

சண்டைக்கு வெளியே, கப்பலில் செய்வதைச் சுருக்கமாகச் சொல்லலாம். கெரில்லா டக்டிக்ஸ் ஸ்கூல் என்ற கட்டடத்தை முதல் அல்லது இரண்டாவதாகக் கட்டுங்கள். நாலு பேர் அணி ஐந்து பேராகவும் ஆறு பேராகவும் ஆவது அதன் மூலம்தான். ஒருவர் கூடுவது எந்தத் துவக்கையும்விடப் பெரிய பலம். துவக்குகளில் காந்தத் துவக்கு ஆராய்ச்சியைத் தள்ளிப்போடவேண்டாம். காயப்பட்டவர்கள் பல நாள் படுக்கையில் கிடப்பார்கள் என்பதால் ஆறு பேரை மட்டும் வளர்த்து வைத்திருந்தால் ஒரு மோசமான சண்டைக்குப் பிறகு அனுப்ப ஆளிருக்காது. ஒவ்வொரு முறையும் ஒரு புதியவரைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பழக்குங்கள். அவதார் புரொஜெக்ட் என்ற எதிரியின் இரகசியத் திட்டம் எவ்வளவு முன்னேறியது என்று காட்டும் சிவப்புக் கோடு நிரம்புவதைப் பார்த்து, ஆட்டம் முடிந்தது என்று புதிதாகத் தொடங்கிவிடுகிறார்கள். நிரம்பினவுடன் தோற்பதில்லை. அதன் பிறகுதான் நாள் கணக்கு ஓடத் தொடங்கும். அதற்குள் எதிரியின் ஒரு நிலையத்தை அழித்தால் கோடு குறையும். அந்த நிலையம் இருக்கும் பிரதேசத்தோடு முன்னமே தொடர்பு ஏற்படுத்தி வைத்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

நேரம் குறைவானவர்கள் அமைப்புகளில் ஸிப் மோட் என்பதைப் போட்டு, அக்ஷன் கமராவை நிறுத்துங்கள். நடை, சூடு எல்லாம் வேகமாகும், ஒரு சண்டையில் கணிசமான நிமிடம் மிஞ்சும். நேரக் கெடு பிடிக்காதவர்களுக்கு விரிவாக்கத்தில் ஆட்டம் தொடங்கும்போது அதை நீட்டிக்கும் தெரிவும் இருக்கிறது. அதை எடுப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. டியூட்டோரியலில் உங்கள் ஆட்கள் சிலர் கதைப்படி செத்தே தீருவார்கள், நீங்கள் பிழையாகச் செய்ததாக நினைக்கவேண்டாம்.

தனி கிராபிக்ஸ் இல்லாத லப்டொப்பும் சின்ன டேட்டாப் பாக்கேஜும் மட்டும் உள்ளவர்கள் 2018 இல் வந்த இன்டு த பிரீச்சில் தொடங்குங்கள். அளவு சில நூறு எம்பிதான். எட்டுக்கு எட்டுக் கட்டம், உங்களிடம் மூன்று இயந்திரங்கள். அடுத்த முறை எதிரி எங்கே அடிக்கப்போகிறான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடும். எக்ஸ்கொம்மில் கோபமூட்டுகிற அந்த நூற்றுவீதம் இதில் கிட்டத்தட்ட இல்லை. எதிரியைக் கொல்வதைவிட, அவனை ஒரு கட்டம் தள்ளி அவன் அடியை அவன் கூட்டாளியின் மேலேயே விழச் செய்வதுதான் வித்தை. சண்டை பெரும்பாலும் ஐந்து முறைக்குள் முடியும், நகர்த்தியதைத் திரும்ப எடுக்கலாம், ஒரு சண்டைக்கு ஒருதடவை முழு முறையையும் மீட்டு ஆடலாம். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத மாரிகாலத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. 2022 இல் அதற்கு வந்த பெரிய விரிவாக்கமும் இலவசம்தான்.